முட்டை ஓட்டுக்கும் மரண தண்டனை

அட்லாண்டிக் அடிமை வரலாறு – 17

இரத்தம், இறகு, கிளியின் அலகு, நாய்ப்பல், முதலைப்பல், உடைந்த புட்டி, கல்லறை மண், ரம், முட்டை ஓடு. 1760 டிசம்பரில் ஜமைக்காவின் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டமொன்றில் இந்தப் பொருள்கள் பெயர் சொல்லி வரிசையாக இடம்பெற்றன. மனித ஆற்றலுக்கு மீறிய சக்தி தனக்கு உண்டென்று பாசாங்கு செய்து, இவற்றைக் கையாண்டு, மற்றவர் மனத்தை மயக்கும் அடிமை எவருக்கும் மரண தண்டனை. அல்லது தீவை விட்டு நாடுகடத்தல். தீர்ப்புச் சொல்ல இரண்டு நீதிபதிகளும் நிலம் வைத்திருந்த மூன்று பேரும் போதும்.

இவற்றில் எதுவும் ஆயுதம் அல்ல. கரும்புத் தோட்டத்துக் குடிசைகளிலும் அவற்றைச் சுற்றியும் நாள்தோறும் கண்ணில் படுகிற பொருள்கள்தாம். பட்டியலில் இருக்கும் ரம்மைக் காய்ச்சி வடித்ததே அடிமைகள்தாம். குடித்தவர்களில் சட்டம் இயற்றியவர்களும் அடக்கம். அப்படியிருந்தும் ஒரு சட்டமன்றம் கூடிப் பேசி, முட்டை ஓட்டைத் தூக்குமரத்தோடு முடிச்சுப் போட்டது.

சட்டம் அந்தக் குற்றத்துக்கு இட்ட பெயர் ஒபியா. ஆங்கிலேயர் ஆண்ட கரீபியன் தீவுகளில், ஆப்பிரிக்கர்களின் பலவகைச் சடங்குகளையும் வித்தைகளையும் இந்த ஒரே சொல்லுக்குள் போட்டு அடைத்தார்கள். பச்சிலை வைத்தியம், குறி சொல்லுதல், தாயத்துக் கட்டுதல், திருடனைக் கண்டுபிடித்தல், சத்தியம் வாங்குதல், பகைவனுக்குச் செய்வினை வைத்தல், வைத்த செய்வினையை எடுத்தல் எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. அகான், இக்போ, காங்கோ என்று வெவ்வேறு நாடுகளிலிருந்து, வெவ்வேறு தெய்வங்களோடும் முன்னோர் வழிபாட்டோடும் கப்பலில் ஏற்றி வரப்பட்டவர்கள் அவர்கள். அந்த வேறுபாடுகளை விசாரித்து எழுத வேண்டும் என்று தோட்ட முதலாளிகளுக்குத் தோன்றவில்லை.

அதே காலத்து இங்கிலாந்தைப் பார்த்தால் இந்தச் சட்டத்தின் கொடூரம் இன்னும் துலங்கும். சூனியக்காரி என்று குற்றம் சாட்டி உயிரைப் பறிக்கும் பழைய சட்டங்களை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1735-லேயே நீக்கிவிட்டது. சூனியம் என்று ஒன்று கிடையாது, இருப்பதாகச் சொல்லி ஏமாற்றுவதுதான் குற்றம் என்பது புதிய நிலைப்பாடு. அந்த ஏமாற்றுக்கு அதிகபட்சம் ஓராண்டுச் சிறை, கூடவே பொது இடத்தில் தண்டனைக் கட்டையில் நிறுத்துதல். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அதே முடியரசின் கீழிருந்த ஜமைக்காவில் அதே ‘பாசாங்கு’ உயிரைக் குடிக்கும் குற்றமானது. சக்தி பொய் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்தப் பொய்க்கு உயிரைக் கேட்கிறது. அடிமைகளின் ஆன்மிக வாழ்வைப் பற்றி வெள்ளை மேட்டுக்குடி எழுதிய எல்லாவற்றிலும் இந்த முரண் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏன் என்பதற்கான விடை அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. அடிமைகள் கூட்டம் கூடுவது, துப்பாக்கியும் வெடிமருந்தும் வைத்திருப்பது, முதலாளி தந்த அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊர்விட்டு ஊர் போவது ஆகியவற்றைத் தடுத்ததும் அதே சட்டம்தான். ஒபியாவை அவர்கள் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

அதற்கு எட்டு மாதங்களுக்கு முன், 1760 ஏப்ரல் 7 அன்று இரவு, தீவின் வடகரையிலுள்ள செயின்ட் மேரி வட்டாரத்தில் கலகம் வெடித்திருந்தது. ஈஸ்டர் விடுமுறையில் முதலாளிகள் மெத்தனமாக இருந்த நேரம் அது. டாக்கி என்பவரின் தலைமையில் அடிமைகள் போர்ட் மரியாவிலிருந்த கோட்டையில் புகுந்து துப்பாக்கிகளையும் வெடிமருந்தையும் கைப்பற்றினார்கள். தோட்டம் தோட்டமாக ஆள் சேர்த்துக்கொண்டு போனார்கள். டாக்கியும் அவரோடு இருந்தவர்களும் பெரும்பாலும் தங்கக் கடற்கரையிலிருந்து, அதாவது இன்றைய கானாவிலிருந்து, கொண்டுவரப்பட்டவர்கள். அங்கிருந்த ஓர் அடிமை வணிகக் கோட்டையின் பெயரால் அவர்களைக் கொரமான்டிகள் என்று அழைத்தார்கள். சொந்த மண்ணில் போர் பார்த்தவர்கள் அவர்களில் பலர்.

கிளம்புமுன் அவர்கள் சத்தியம் செய்துகொண்டார்கள். ஒபியாக்காரர் ஒருவர் உடம்பில் பூசிக்கொள்ளப் பொடி கொடுத்தார். அதைப் பூசியவர்களை வெள்ளையரின் குண்டு துளைக்காது என்றார். டாக்கி தன்னை நோக்கி வரும் தோட்டாக்களைக் கையால் பிடித்துத் திருப்பி எறிவார் என்ற பேச்சும் பரவியது. உயிரைப் பணயம் வைத்துப் போருக்குப் போகிறவர்கள் காப்புக் கட்டிக்கொள்வது உலகில் எங்கும் உள்ளதுதான். அதைவிடப் பெரிய வேலையைச் செய்தது சத்தியம். வெவ்வேறு தோட்டங்களில் அடைபட்டுக் கிடந்தவர்களை, காட்டிக்கொடுத்தால் பிழைக்கலாம் என்ற ஆசை எந்நேரமும் காட்டப்பட்டவர்களை, ஒரே இரவில் ஒன்றாக எழச் செய்தது அது. ஆன்டிகுவா தீவில் இது 1736-லேயே வெளிப்பட்டிருந்தது. அங்கே கல்லறை மண்ணும் சேவல் இரத்தமும் ரம்மில் கலந்து குடித்துச் சத்தியம் செய்தவர்களின் சதித்திட்டம் அம்பலமானபோது 88 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் 77 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். கல்லறை மண் என்றால் இறந்த முன்னோரைச் சாட்சிக்கு அழைப்பது. அந்தச் சத்தியத்தை மீறினால் தண்டிப்பவர்கள் முன்னோர்கள். முதலாளியின் சவுக்குக்கு மேலான ஓர் அதிகாரம் அங்கே பேசியது.

டாக்கி ஒரு வாரத்துக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் டேவி என்ற மரூன் வீரர். மரூன்கள் அடிமைத்தனத்திலிருந்து தப்பி மலைகளில் தனித்து வாழ்ந்த ஆப்பிரிக்கர்கள். கலகங்களை அடக்க உதவுவோம் என்று 1739 உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் கலகம் அத்தோடு ஓயவில்லை. தீவின் மேற்கே வெஸ்ட்மோர்லாந்து வட்டாரத்தில் அப்போங்கோ என்பவரின் தலைமையில் இன்னும் பெரிதாக மூண்டு, அடுத்த ஆண்டு வரை கனன்றது. இறந்த வெள்ளையர் சுமார் 60 பேர். கறுப்பினத்தவரில் 500-க்கும் மேற்பட்டோர் போரிலும் தற்கொலையிலும் தண்டனையிலும் இறந்தனர். ஏறத்தாழ அதே எண்ணிக்கையினர் நாடுகடத்தப்பட்டனர். வெள்ளையர் ஒருவருக்குப் பத்துப் பேர் என்ற கணக்கில் அடிமைகள் வாழ்ந்த தீவு அது. அச்சம் சட்டமன்றத்தின் எலும்புவரை போயிருந்தது.

பொடி கொடுத்த ஒபியாக்காரரைப் பிடித்து, அவருடைய இறகு, பல் முதலிய சடங்குப் பொருள்களை அவர் உடம்பிலேயே தொங்கவிட்டு, எல்லோரும் பார்க்கும் இடத்தில் தூக்கிலிட்டார்கள். வெள்ளையர்களால் என்னைக் கொல்ல முடியாது என்று அவர் கடைசிவரை சொன்னதாகவும், அவர் உயிர் பிரிந்ததைக் கண்ட அடிமைகள் திகைத்து நின்றதாகவும் அரசுக் குறிப்பு கூறுகிறது. பிடிபட்ட வேறு ஒபியாக்காரர்கள் மீது இன்னொரு விதமான சோதனை நடந்தது. மின்சாரம் பாய்ச்சும் கருவி அப்போது ஐரோப்பாவில் புதுமை. கண்ணாடித் தகட்டில் வரைந்த உருவத்தை ஒளியால் சுவரில் காட்டும் மாய விளக்கு இன்னொன்று. இவ்விரண்டையும் அந்தக் கைதிகள்மேல் பயன்படுத்தினார்கள். பலனில்லை. ஒருவர் மட்டும் கடுமையான பல அதிர்ச்சிகளுக்குப் பிறகு, எசமானின் ஒபியா தன்னுடையதைவிடப் பெரியது என்று ஒப்புக்கொண்டாராம். இதைப் பெருமையாகவே பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். கட்டுண்ட மனிதருக்கு மின்சாரம் கொடுத்து வாங்கிய வாக்குமூலம் அது. அறிவின் வெற்றி என்று அதைச் சொல்ல முடியாது.

டாக்கியின் தலையை ஸ்பானிஷ் டவுன் சாலையோரம் கம்பத்தில் செருகி வைத்தார்கள். அது அங்கே நெடுநாள் இருக்கவில்லை; அவருடைய நாட்டவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். இறந்தபின் ஆப்பிரிக்காவுக்கு, முன்னோரிடம், திரும்பிவிடுவோம் என்ற நம்பிக்கை பல அடிமைகளிடம் இருந்தது. அதை அறிந்துதான், தற்கொலை செய்துகொண்டவர்களின் உடலைத் தோட்டக்காரர்கள் சிதைத்தார்கள், தலையைத் துண்டித்தார்கள். உடல் முழுதாக இல்லாவிட்டால் ஊர் திரும்ப முடியாது என்று பயமுறுத்துவது நோக்கம். வரலாற்றாசிரியர் வின்சென்ட் பிரவுன் இந்தச் செயல்களை ஆராய்ந்து, இறந்தவர்களை வைத்து உயிரோடிருப்பவர்களை ஆளும் முயற்சியாக அவற்றைக் காண்கிறார். இறந்தவர்களின் சக்தியைக் கையாள்வதுதான் சூனியம் என்றால், ஜமைக்காவில் அதை மிகப் பெரிய அளவில் செய்தவர்கள் ஒபியாக்காரர்கள் அல்லர்.

இந்தக் கலகத்தையும் ஒபியாவையும் பற்றி நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி எட்வர்ட் லாங் என்பவரின் பேனாவிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் 1734-இல் பிறந்த லாங், 1757-இல் ஜமைக்கா வந்து கிளாரெண்டன் வட்டாரத்தில் கரும்புத் தோட்ட முதலாளியாக இருந்தார். நீதிபதி பதவியும் வகித்தார். கலகம் நடந்தபோது தீவில்தான் இருந்தார். 1769-இல் இங்கிலாந்து திரும்பி, 1774-இல் ஜமைக்காவின் வரலாற்றை மூன்று பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். ஆப்பிரிக்கர்களை மனிதக் குரங்கோடு ஒப்பிட்டு, அவர்கள் வேறொரு இனம் என்று நிறுவ முயன்ற புத்தகம் அது. தீவின் நிலம், பயிர், சட்டம், வருமானம் பற்றி நுணுக்கமாக எழுதிய அதே கைதான் அதையும் எழுதியது.

மயால் என்ற சடங்கை முதன்முதலில் அச்சில் விவரித்தவரும் லாங்தான். ஒருவருக்கு மூலிகை கலந்த பானத்தைக் குடிக்கக் கொடுத்து, செத்தவர்போல் கிடக்கச் செய்து, பிறகு இன்னொரு மருந்தால் எழுப்புவார்கள். அதைக் கண்டவர்கள், வெள்ளையர் கொன்றாலும் ஒபியாக்காரர் உயிர் கொடுப்பார் என்று நம்பினார்கள் என்கிறார். லாங்கின் கண்ணுக்கு இது ஏமாற்று. அடிமை என்பவர் சட்டப்படி ஒரு பொருள். உயிரோடு இருக்கும்போதே சமூகத்தில் செத்தவர். அந்த நிலையிலிருக்கும் ஒருவரை எல்லோர் முன்னிலையிலும் சாகச் செய்து எழுப்புகிற சடங்குக்கு என்ன பொருள் இருந்திருக்கும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தன் தோட்டத்தில் நடப்பதைப் பற்றியும் கேட்க வேண்டியிருந்திருக்கும்.

அடுத்த கட்டத்தில் ஒபியாவுக்கு வேறு ஒரு பயன் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தத் தொடரின் இந்தப் பகுதியில் அதிகம் வலிக்கிற இடம் இதுதான்.

1787-இல் லண்டனில் அடிமை வணிக ஒழிப்புச் சங்கம் தொடங்கியது. கரீபியன் தீவுகளில் ஏன் இத்தனை பேர் சாகிறார்கள், ஏன் ஆண்டுதோறும் புதிய கப்பல்கள் வர வேண்டியிருக்கிறது என்ற கேள்வி தெருவிலும் நாடாளுமன்றத்திலும் எழுந்தது. பிரிட்டிஷ் பிரிவி கவுன்சிலின் குழுவொன்று 1788-இல் தீவுகளின் முகவர்களுக்குக் கேள்விப் பட்டியல் அனுப்பியது. அதில் ஒபியா பற்றிய கேள்விகளும் இருந்தன. ஜமைக்காவின் சார்பில் பதில் எழுதியவர்கள் அதன் லண்டன் முகவர் ஸ்டீபன் ஃபுல்லர், மருத்துவர் ஜேம்ஸ் சிஸ்ஹோம், லண்டனில் குடியேறிவிட்ட எட்வர்ட் லாங் ஆகிய மூவர். ஒபியாவின் வேரை அவர்கள் பண்டைய எகிப்தின் பாம்பு வழிபாட்டில் தேடினார்கள். பைபிளில் வரும் சூனியக்காரியோடு இணைத்தார்கள். ஜமைக்காவில் ஆண்டுதோறும் நிகழும் அடிமைச் சாவுகளில் கணிசமான பங்குக்கு ஒபியாவே காரணம் என்றும் சொன்னார்கள்.

சான்றாக ஒரு தோட்ட முதலாளியின் அனுபவம் தரப்பட்டது. 1775-இல் அவர் ஜமைக்கா திரும்புகிறார். தாம் இல்லாத காலத்தில் அடிமைகளில் பலர் இறந்துவிட்டதையும், எஞ்சியவர்களில் பாதிப் பேர் வலுவிழந்து உடல் வீங்கிக் கிடப்பதையும் பார்க்கிறார். அதற்குப் பிறகும் சாவு நிற்கவில்லை. சில நாள் இரண்டு மூன்று உடல்களைப் புதைக்க வேண்டியிருந்தது. கடைசியில், சாகக் கிடந்த ஓர் இளம்பெண் தன் சிற்றன்னையே இத்தனைக்கும் காரணம் என்று சொன்னாள். அந்தச் சிற்றன்னை ஆப்பிரிக்காவின் போப்போ கரையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்; வயது எண்பதுக்கு மேல். முதலாளி ஆறு வெள்ளையரோடு போய்க் கதவை உடைத்துக் குடிசையில் நுழைந்தார். கூரை வேய்ந்த ஓலையிலும் சுவரின் ஒவ்வொரு இடுக்கிலும் துணிக்கந்தல், இறகு, பூனை எலும்பு செருகியிருந்தன. கட்டிலுக்கு அடியில் மண்பானை நிறைய களிமண் உருண்டைகள், மணிகள், முட்டை ஓடுகள். குடிசையைப் பிரித்து எல்லாவற்றோடும் சேர்த்து எரித்தார்கள். கிழவியைத் தூக்குக்கு அனுப்ப மனமில்லாமல் ஸ்பானியர் சிலரிடம் ஒப்படைத்தாராம் முதலாளி; அவர்கள் கியூபாவுக்குக் கொண்டுபோனார்கள். அவர் போன கணமே மற்றவர்கள் உற்சாகமடைந்தார்கள், நோய் நின்றது என்று கதை முடிகிறது. பதினைந்து ஆண்டுகளில் சுமார் நூறு அடிமைகளை ஒபியாவால் இழந்ததாக அவர் கணக்குச் சொன்னார்.

உடல் வீக்கமும் வலுவிழப்பும் சத்துக்குறைவிலும் குடற்புழு நோயிலும் வருபவை. கரும்பு அறுவடைக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும். பகலெல்லாம் வயலில் வெட்டியவர்கள் முறை வைத்து இரவில் ஆலையிலும் கொப்பரையிலும் நிற்க வேண்டும். தமக்கான உணவைத் தாமே விளைவித்துக்கொள்ளக் கிடைத்தது வார இறுதியின் சில மணி நேரம். அந்தக் கேள்விப் பட்டியல் வருவதற்குச் சற்று முன்புதான் ஜமைக்காவின் சட்டமன்றமே ஒரு கணக்கைக் கொடுத்திருந்தது: 1780 முதல் 1787 வரை அடுத்தடுத்து வீசிய புயல்களாலும், அமெரிக்க விடுதலைப் போரை ஒட்டி உணவு இறக்குமதி முடங்கியதாலும், பசியிலும் பசியோடு வந்த நோயிலும் சுமார் 15,000 அடிமைகள் இறந்தார்கள். வணிகச் சலுகை கேட்கும் மனுவில் பசி காரணமாயிற்று. அடிமை வணிகத்தைக் காப்பாற்ற வேண்டியபோது எண்பது வயதுக் கிழவியின் கட்டிலடிப் பானை காரணமாயிற்று.

இந்தப் பெருங்கணக்கை நேராகப் பார்க்க வேண்டும். 1807 வரை ஜமைக்காவில் இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர். அவர்களில் ஒரு பகுதியினர் மற்ற குடியேற்றங்களுக்கு மறுபடி விற்கப்பட்டார்கள். அதைக் கழித்தாலும், 1834-இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது அங்கே பிறந்தவர்களையும் சேர்த்து மிஞ்சியிருந்தவர்கள் சுமார் 3,11,000 பேர்தாம். இத்தனை உயிர்களையும் தின்றது சர்க்கரை.

பிரிவி கவுன்சில் குழுவின் அறிக்கை 1789-இல் வெளிவந்தது. அதே ஆண்டில், அடிமையாக இருந்து தன்னை விலை கொடுத்து மீட்டுக்கொண்ட ஒலாடா எக்வியானோ லண்டனில் தன் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். இக்போ நாட்டில் பூசாரிகளாகவும் காலம் கணிப்பவர்களாகவும் இருந்தவர்களே மருத்துவர்களாகவும் இருந்ததை அவர் அதில் விவரித்தார். இரத்தம் வடித்தல், காயம் ஆற்றுதல், நஞ்சு முறித்தல் ஆகியவற்றில் அவர்கள் தேர்ந்தவர்கள் என்றார். ஒரு சமூகத்தில் மதிப்போடு வாழ்ந்த அறிவாளிகளாக அவர்களைக் காட்டுகிறது அந்த விவரிப்பு. புத்தகம் நன்றாக விற்றது. அவர் காலத்திலேயே பல பதிப்புகள் கண்டது. ஆனால் ஒபியாவைப் பற்றி ஐரோப்பா மனத்தில் பதித்துக்கொண்ட படம் அறிக்கை தந்த படம்தான். பிரையன் எட்வர்ட்ஸ் என்ற இன்னொரு ஜமைக்கா முதலாளி, 1793-இல் வெளியிட்ட தம் மேற்கிந்தியத் தீவுகள் வரலாற்றில் அந்த அறிக்கையின் ஒபியாப் பகுதியை அப்படியே எடுத்துப் போட்டார். அதன்பின் கலைக்களஞ்சியம், நாவல், நாடகம் பலவும் எட்வர்ட்ஸைப் படித்து எழுதப்பட்டன.

நாடகத்துக்கு ஏற்ற நாயகனும் கிடைத்தார். ஜாக் மான்சாங் என்ற ‘மூன்று விரல் ஜாக்’, தோட்டத்திலிருந்து தப்பி 1780-81-இல் ஜமைக்காவின் கிழக்கு மலைகளில் ஒரு கூட்டத்தோடு அரசாங்கத்துக்குப் போக்குக் காட்டியவர். தலைக்கு 300 பவுண்ட் விலை வைத்தார்கள்; ஜான் ரீடர் என்ற மரூன் வீரர் கொன்றார். ஜமைக்காவில் பணியாற்றிய மருத்துவர் பெஞ்சமின் மோஸ்லி, 1799-இல் சர்க்கரையைப் பற்றி எழுதிய நூலில் இந்தக் கதையை நுழைத்தார். ஜாக் அணிந்திருந்த ஒபியாத் தாயத்து எல்லோரையும் அச்சுறுத்தியதாகவும், ரீடர் ஞானஸ்நானம் பெற்று வந்ததால் அது பலிக்கவில்லை என்றும் அவர் எழுதினார். அடுத்த ஆண்டே, 1800 ஜூலை 2 அன்று, லண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் ஜான் ஃபாசெட் அமைத்த மூன்று விரல் ஜாக் ஊமை நாடகம் சாமுவேல் ஆர்னால்டின் இசையோடு மேடையேறியது. குகைக்குள் ஒபியாக் கிழவி, கையில் தாயத்து, இறுதியில் கிறிஸ்தவத்தின் வெற்றி. நாற்பதாண்டு முன்பு ஜமைக்காவின் முதலாளிகளைத் தூங்கவிடாத அச்சம் லண்டனில் மாலைப் பொழுதுபோக்காகிவிட்டது. வசனத்தோடு பிறகு எழுதப்பட்ட வடிவத்தில் ஜாக் வேடத்தை ஏற்றவர்களில் புகழ்பெற்ற கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜும் ஒருவர். மேடையில் ஜாக்குக்குக் கொஞ்சம் மனிதக் குரல் கிடைத்தது அப்போதுதான்.

எல்லா ஆப்பிரிக்க வித்தையையும் வெள்ளையர் வெறுத்தார்கள் என்று நினைத்தால் தவறு. தங்களுக்குப் பயன்பட்டதை எடுத்துக்கொண்டார்கள். எடுத்தபின் அதற்குப் பெயரை மாற்றினார்கள். பாஸ்டனில் ஒனிசிமஸ் என்ற அடிமை, அம்மைப் பாலைக் கீறி வைத்துப் பெரியம்மையைத் தடுக்கும் ஆப்பிரிக்க முறையைத் தன் எசமானான பாதிரியார் காட்டன் மாதருக்குச் சொன்னார். 1721-இல் பெரியம்மை பரவியபோது மருத்துவர் ஒருவர் சுமார் 240 பேருக்கு அம்முறையில் குத்தினார். இறந்தவர்கள் ஆறு பேர். இயற்கையாக அம்மை கண்டவர்களில் ஏழில் ஒருவர் இறந்துகொண்டிருந்தார். ஆப்பிரிக்கர் சொல்வதை நம்பலாமா என்று அந்த ஊரின் இன்னொரு மருத்துவர் எள்ளி நகையாடியதும் பதிவாகியிருக்கிறது.

சுரினாமின் குவாசியின் கதை இதைவிடச் சிக்கலானது. காய்ச்சலுக்குக் கசப்பு மரப்பட்டையைப் பயன்படுத்திய அவருடைய பெயரைத்தான் தாவரவியலாளர் லின்னேயஸ் அந்த மரத்துக்குச் சூட்டினார்: குவாசியா. அதே குவாசி, டச்சுக்காரர்களுக்காக மரூன்களை வேட்டையாடிய கறுப்பினப் படைவீரர்களுக்குக் குண்டு துளைக்காத தாயத்துகளை விற்றார். அந்தத் தாயத்துக்குப் பயந்தோ கோபப்பட்டோ யாரும் அவரைத் தூக்கிலிடவில்லை. வீரர்கள் அச்சமின்றிச் சண்டையிட அது உதவுகிறது என்று அந்தப் போரில் அதிகாரியாக இருந்த ஸ்டெட்மன் எழுதினார். குவாசிக்கு விடுதலையும் பதக்கமும் கிடைத்தன. ஜமைக்காவில் டாக்கியின் ஒபியாக்காரர் கொடுத்த பொடிக்கும் குவாசியின் தாயத்துக்கும் உள்ள வேறுபாடு, அதை அணிந்தவர் எந்தப் பக்கம் நின்றார் என்பது மட்டுமே.

அடிமைப்பட்ட மக்கள் தங்கள் மந்திரவாதிகளை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு எழுத்தில் சான்று அரிது. மண்ணுக்குள் ஒன்று கிடைத்தது. பார்படாஸ் தீவில் நியூட்டன் என்ற கரும்புத் தோட்டத்தின் அடிமைகள் புதைகாட்டை 1970-களின் தொடக்கத்தில் ஜெரோம் ஹேண்ட்லரும் ஃபிரெடரிக் லாங்கும் அகழ்ந்தார்கள். ஒரு குழியில், 17-ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 18-இன் தொடக்கத்தில் இறந்த முதியவர் ஒருவர். உலோகக் காப்புகள், கத்தி, தங்கக் கடற்கரைப் பாணிச் சுடுமண் புகைக்குழாய், கழுத்தருகே ஒரு மாலை. சோழிகள், கண்ணாடி மணிகள், மீன் முள்ளெலும்புகள், துளையிட்ட நாய்க் கோரைப்பற்கள், நடுவில் நீண்ட சூதுபவள மணி ஒன்று. அந்தப் புதைகாட்டில் அப்படி அலங்கரித்துப் புதைக்கப்பட்டவர் வேறு எவருமில்லை. அவர் வைத்தியரும் குறி சொல்பவருமாக இருந்திருக்கலாம் என்பது ஹேண்ட்லரின் முடிவு.

கொடுமணலிலும் கீழடியிலும் சூதுபவளம் கண்ட நமக்கு இந்த மணி இன்னும் நெருக்கமானது. பார்படாஸ் மணி பெரும்பாலும் குஜராத்தின் காம்பே பகுதியில் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சோழிகள் இந்தியப் பெருங்கடலில் விளைபவை. மாலத்தீவுச் சோழிகளை ஐரோப்பியர்கள் மூட்டை மூட்டையாக ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் மனிதர்களை வாங்க நாணயமாகப் பயன்படுத்தினார்கள். மனிதரை விலைபேசிய அந்த நாணயத்தை மாலையாகக் கோத்து, தங்கள் முதியவரின் கழுத்தில் போட்டு மரியாதையோடு அனுப்பி வைத்திருக்கிறார்கள் அந்த மக்கள். மாலையில் இருந்த நாய்ப்பற்கள்தாம் சில பத்தாண்டுகள் கழித்து ஜமைக்காவின் சட்டத்தில் தூக்குக்கு உரிய பொருளாயின.

அடிமைமுறை ஒழிந்தபின் தூக்கு போயிற்று, குற்றம் போகவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஒபியா மோசடியாகவும் நாடோடித்தனமாகவும் மறுவடிவம் எடுத்தது. 1898-இல் ஜமைக்கா இயற்றிய தனிச் சட்டம் சிறையும் சவுக்கடியும் விதித்தது. சவுக்கடி 2013-இல்தான் நீங்கியது. சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. டிரினிடாட் 2000-இல் தன் தடையை நீக்கியது. அந்தத் தீவின் நீதிமன்றங்களில் ஒபியா வழக்குகளில் நின்றவர்களில் ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களும் உண்டு. பக்கத்து பிரிட்டிஷ் கயானாவுக்குச் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள் கொண்டுசென்ற மாரியம்மன், காளி வழிபாடும் பலியிடுதலும் சாமியாட்டமும் பேய்ப் பூசை என்றே அங்கே ஏசப்பட்டன. கறுப்பினத்தவர்களுக்காக ஒரு நூற்றாண்டு முன்பே தயாராகியிருந்த சொற்கள், புதிதாக வந்த கூலிகள்மேலும் சிரமமில்லாமல் பொருந்தின.

ஜமைக்காவின் சட்டமன்றப் பதிவுகளில், டாக்கிக்கும் முன்பே, 1733-இல் ஒரு ஒபியாக்காரி வருகிறார். கலகக்காரர்களான மரூன்களின் கிழட்டு ஒபியாக்காரியான நானியைக் கொன்றதற்காக ஒருவருக்குப் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் சில ஆண்டுகளில், அதே பெயருள்ள பெண்ணுக்கும் அவருடைய மக்களுக்கும் 500 ஏக்கர் நிலத்தை அரசே எழுதிக் கொடுத்தது. கொன்றதாகச் சொன்னது பொய்யா, கொல்லப்பட்டவர் வேறொருவரா என்ற வாதம் ஓயவில்லை. இன்று அந்த நானி ஜமைக்காவின் தேசிய வீராங்கனை. 500 டாலர் நோட்டில் அவர் முகம்.

ஆங்கிலேயரின் தீவுகளில் நடந்தது இது. பிரெஞ்சுக்காரர்களின் சான் டொமிங்கில், அதாவது இன்றைய ஹைத்தியில், 1685-ஆம் ஆண்டுக் கறுப்பர் சட்டம் அடிமைகள் அனைவரும் ஞானஸ்நானம் பெற வேண்டும், கத்தோலிக்கம் தவிர வேறு வழிபாடு பொதுவில் கூடாது என்று முன்பே கட்டளையிட்டிருந்தது. அங்கே காப் பிரான்சே நகரச் சதுக்கத்தில், 1758 ஜனவரி 20 அன்று, நஞ்சு வைத்ததாகவும் மந்திரப் பொட்டலங்கள் கட்டியதாகவும் குற்றம் சாட்டப்பட்ட மக்கண்டால் என்பவரை எரிக்கக் கம்பத்தில் கட்டினார்கள். தீ மூண்டதும் அவர் திமிறிக் கட்டை அறுத்துக்கொண்டு வெளியே விழுந்தார். மக்கண்டால் தப்பிவிட்டார் என்று கூடியிருந்த அடிமைகள் கத்தினார்கள். படையினர் சதுக்கத்தைக் காலி செய்து, அவரைத் திரும்பவும் நெருப்பில் போட்டதாக எழுதி வைத்தார்கள். அவர் எரிந்துபோனார் என்பதை அடிமைகளில் பலர் நம்பவில்லை. அவரையும், முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அதே தீவின் ஒரு காட்டில் நடந்த கூட்டத்தையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)